கொதிக்கிற இடம்

"இன்னைக்கும் உங்க அண்ணன் வீட்டு வாசல்ல போயிக் கொதிச்சுச்சுன்னா, நாளைக்கே இருளாண்டி கடையில எடைக்குப் போட்டுருவேன். ஆமா."

பட்டுச்சேலையில் நின்றபடி ஜெரினா சொன்னாள். காருக்கு அடியில் கிடந்த ஆன்றோவின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"இருளாண்டி இரும்புதான் வாங்குவான். இது ஃபைபர் பாடி" என்றன கால்கள்.

"அப்ப உங்களையும் சேத்துப் போடுறேன். எடை கூடும்ல."

கடையில் வாங்கிய கார் அல்ல. கோயம்புத்தூரிலிருந்து லாரியில் பெட்டி பெட்டியாக வந்ததை, காரைக்குடி வீட்டுக் கொட்டகையில் வைத்து ஆன்றோவே பூட்டினான். பழைய வேன் ஒன்றின் எஞ்சின் பின்னால். ரேடியேட்டர் முன்னால். சீட்டுக்கு அடியில் இரண்டு நீளக் குழாய்கள். எஞ்சினில் சூடான தண்ணீர் முன்னால் வந்து, ஆறி, திரும்பிப் போக வேண்டும்.

"குழாய்க்குள்ள காத்து அடைச்சுக்கிருது. தண்ணி ஓட மாட்டேங்குது."

ஒவ்வொரு முறையும் இதைத்தான் சொல்வான். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, மூடியைத் திறந்து, ரப்பர் ஹோசைப் பிசைந்துகொண்டே குமிழ் நிற்கும்வரை தண்ணீர் ஊற்றுவான்.

"குவைத்துல மாடி மாடியா ஏசி குழாய் போட்டாகளாம். இங்க ரெண்டு குழாயில காத்த எடுக்கத் தெரியல" என்பாள் ஜெரினா.

விசித்திரம் என்னவென்றால், வீட்டில் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டாது. குன்றக்குடிக்குப் போய்வரும். ஒன்றும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேவகோட்டையில் இருக்கும் ஜெரினாவின் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டால் மட்டும், வழியில் அமராவதிபுதூரில், அண்ணன் உபகாரசாமியின் வீட்டு வாசலில் ஆவி விடும்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. குவைத்திலிருந்து ஆன்றோ வந்து சேர்வதற்குள் இறந்துபோன அப்பாவின் சவப்பெட்டியை மூடச் சொல்லிவிட்டார் அண்ணன். வந்தவன் கல்லறைத் தோட்டத்தில் வைத்து ஒரு வார்த்தை சொன்னான். என்ன வார்த்தை என்று இரண்டு பேருமே இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"மெயின் ரோட்டுலயே போங்களேன். எதுக்கு ஊருக்குள்ள திருப்புறீக?"

"அங்க பாலம் வேலை நடக்குது."

அண்ணன் வீட்டு வேப்பமரம் வந்தது. கோழிகள் விலகின. பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். முன்னாலிருந்து ஆவி எழும்பியது.

ஜெரினா கண்களை மூடிக்கொண்டாள். "மாதாவே."

உபகாரசாமி வாளியுடன் வெளியே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"ஏந்தாயி, பட்டைக் கட்டிக்கிட்டு ரோட்டுல நிக்கிறே?"

"என் தம்பி மகளுக்குப் புதுநன்மை அத்தான். விருந்துக்குப் போறோம்."

"நல்லது. மூடியை இப்பத் தொறக்க வேணாம்னு உன் வீட்டுக்காரன்ட்டச் சொல்லு. மூஞ்சி வெந்துரும்."

உன் வீட்டுக்காரன் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றான்.

"எனக்கும் தெரியும்னு சொல்லு."

"தெரிஞ்சவன் வாராவாரம் இங்க வந்து நிக்க மாட்டான்னு சொல்லு."

"நான் என்ன தபால்பெட்டியா?" என்றாள் ஜெரினா.

உள்ளிருந்து உபகாரசாமியின் மனைவி இன்பமேரி சிரித்தாள். "ஆறுற வரைக்கும் உள்ள வந்து உக்காருங்களேன். மோர் கலக்குறேன்."

முதல் வாரம் வாளி மட்டும்தான் வந்தது. பிறகு பெஞ்சு வந்தது. இப்போது மோர்.

உபகாரசாமி குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். குழாயிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"நடுவுல தூக்கியிருக்கு. காத்து அங்கதான் நிக்கும்."

"மட்டம் வச்சுப் பாத்துத்தான் கிளாம்ப் போட்டேன்ணே."

சொன்ன பிறகுதான் ஆன்றோவுக்கு உறைத்தது. இருவரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு வாளி கொண்டாறேன்" என்று கொல்லைப்பக்கம் வேகமாகப் போனான்.

அவன் தலை மறைந்ததும் ஜெரினாவுக்கு அழுகை முட்டியது.

"மன்னிச்சுக்கங்க அத்தான். அடுத்த வாரத்துலருந்து பஸ்ல நேரா போயிருவோம். இந்தக் கண்றாவிய நாளைக்கே எடைக்குப் போடப் போறேன். ஊரே சிரிக்குது. உங்களுக்கும் வாராவாரம் தொந்தரவு."

உபகாரசாமி கொல்லைப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு காருக்குள் கையை நீட்டி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சிறிய சுவிட்சைக் காட்டினார்.

"இது எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியலையே."

"ரேடியேட்டர் ஃபேனுக்கு. ஃபேன் சுத்துனா வண்டி கொதிக்காது. இங்க வந்து நிக்கிறப்ப ஆஃப்ல இருக்கும். கெளம்பிப் போறப்ப ஆன்ல இருக்கும். மொத வாரத்துலருந்தே பாக்குறேன்."

ஜெரினா குனிந்து பார்த்தாள். சுவிட்ச் ஆஃபில் இருந்தது.

வாளி தளும்பும் சத்தம் நெருங்கி வந்தது. உபகாரசாமி குரலைத் தாழ்த்தினார்.

"அவன்ட்டக் கேட்டுறாத தாயி. அப்புறம் வர மாட்டான்."