அலுமாரித் திறப்பு

"திறப்பு எங்கை இருக்கெண்டு பொலிஸ் கேட்டால் என்ன சொல்லுவீர்?"

"தெரியாது எண்டு சொல்லுவன்." சந்திரவதனா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்கள்தான் எனக்குச் சொல்லேல்லையே."

செல்வரத்தினம் அன்று காலையில் அதை நாலாவது தடவையாகக் கேட்டிருந்தார்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு, லண்டன். பதினொரு மாதம் ஞாயிறு தவறாமல் துவக்குச் சுடும் கழகத்துக்குப் போய், இரவல் துவக்கால் காகித இலக்கைச் சுட்டுப் பழகியவர். இப்போது சொந்தமாக ஒன்று வேண்டும். பிரிட்டிஷ் இராணுவம் கழித்துவிட்ட லீ என்ஃபீல்ட் துப்பாக்கி. நாற்பத்துமூன்றில் செய்தது. ரொம்ஃபோர்டில் ஒரு கடைக்காரர் அதை அவருக்காக எடுத்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை வரைதான், அதன்பிறகு அடுத்த ஆளுக்கு.

அதற்குள் லைசன்ஸ் வேண்டும். லைசன்ஸுக்குப் பொலிஸ்காரர் இல்ஃபோர்ட் வீட்டுக்கு வந்து, மாடிச் சுவரில் இறுக்கிய இரும்பு அலுமாரியைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டும். அலுமாரியின் திறப்பு எங்கே என்பது லைசன்ஸ்காரரைத் தவிர எவருக்கும் தெரியக் கூடாது. மனைவிக்கும்தான்.

வீட்டில் சண்டை மூண்டது அந்தக் கடைசி விதியில். முன்கதவு, பின்கதவு, நகைப்பெட்டி எல்லாத் திறப்பும் சந்திரவதனாவின் சாவிக்கொத்தில் தொங்கின. பதினெட்டு வருடக் குடித்தனத்தில் வீட்டுப் பூட்டு ஒன்றின் திறப்பு அவளிடம் இல்லாமல் போனது இதுதான் முதல் தடவை. துவக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்த மனிதர், இங்கே அதைக் காசு கொடுத்து வாங்குகிறார் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள்.

அவர் திறப்பைக் கிழமைக்கு ஒரு இடமாக மாற்றி ஒளித்தார். அவள் தும்புத்தடியோடு கூட்டப் போகும் இடமெல்லாம் அவருக்குச் சந்தேகம். இந்தக் கிழமை அது அவர் இப்போது காலில் போடாத பழைய குளிர்காலச் சப்பாத்து ஒன்றுக்குள் இருந்தது.

பத்து மணிக்குப் பொலிஸ்காரர் பார்க்கர் வந்தார். முன்னறையில் படிவத்தை விரித்து, இத்தனை துவக்கு இருக்க ஏன் பழைய இராணுவத் துவக்கு என்று விசாரித்தார். செல்வரத்தினம் அதன் மரப்பிடியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். பார்க்கர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சந்திரவதனா பக்கம் திரும்பி, அலுமாரித் திறப்பு எங்கே என்று சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

தெரியாது என்றாள். பார்க்கர் படிவத்தில் ஒரு சரி போட்டார். இனி அலுமாரியைத் திறந்து காட்டினால் போதும் என்றார்.

செல்வரத்தினம் மாடிக்குப் போய்ச் சப்பாத்துக்குள் கையை விட்டார். இல்லை. மற்றச் சப்பாத்துக்குள்ளும் இல்லை.

அவள்தான் எடுத்திருக்கிறாள். வேறு யார்? ஆனால் போய்க் கேட்க முடியாது. கேட்டால், இடம் அவளுக்குத் தெரியும் என்று ஆகிவிடும். லைசன்ஸ் போய்விடும். வெள்ளிக்கிழமை துவக்கும் போய்விடும்.

படியில் இறங்கும்போதுதான் பார்க்கருக்குத் தமிழ் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. சந்திரவதனா முன்னறையில் பார்க்கருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு கேட்டார்.

"இஞ்சாரும், திறப்பை எடுத்தனீரோ?"

அவள் ஒரு கணம் யோசித்தாள்.

"எனக்குக் கார் ஓடப் பழக்குவியளோ?"

ஆறு வருடமாக அவள் கேட்பது. விடியற்காலை ஷிப்டுக்குப் பனியில் பஸ்ஸுக்கு நின்று நின்று கேட்டது. இந்த ஊர் றோட்டில் உம்மால் ஏலாது என்று ஒரே பதிலைத்தான் அவரும் சொல்லி வந்தார்.

"இப்பவோ இதைக் கேக்கிறது?"

"இப்பதான் கேக்கலாம்."

என்ன சொல்கிறாள் என்று பார்க்கர் கேட்டார். சீனி எத்தனை கரண்டி என்று கேட்கிறாள் என்றார் செல்வரத்தினம். இரண்டு என்றார் பார்க்கர்.

"சரி, மாசத்திலை ஒருக்காப் பழக்கிறன்."

"ஒவ்வொரு ஞாயிறும். உங்கடை டட்சன் காரிலை."

"ஞாயிறு நான் சுடப் போற நாளப்பா."

"துவக்கில்லாமல் என்னத்தைச் சுடப் போறியள்?" அவள் இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கி, கோப்பையைப் பார்க்கரிடம் மரியாதையாக நீட்டினாள்.

"ஓம். ஞாயிறு. பிள்ளையாராணை."

"அப்ப போய், வைச்ச இடத்திலை வடிவாத் தேடிப் பாருங்கோ."

அவர் இரண்டு இரண்டு படியாக ஏறினார். சப்பாத்தின் இளகிப்போன உள் அட்டையைக் கிளப்பினார். அதன் அடியில், கால்விரல் நுனிப் பக்கத்தில் திறப்பு கிடந்தது. கெட்டிக்காரி, எங்கே செருகி வைத்திருக்கிறாள் என்று பல்லைக் கடித்தார்.

பார்க்கர் அலுமாரியைத் திறந்தார், பூட்டினார், பிடித்து ஆட்டிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். வாசலில் கை கொடுக்கும்போது, அநேக வீடுகளில் மனைவிமார் தெரியாது என்று சொல்லும்போதே பொய் முகத்தில் தெரிந்துவிடும், உங்கள் மனைவி அப்படியில்லை என்று பாராட்டிவிட்டுப் போனார்.

செல்வரத்தினம் கதவைச் சாத்தினார். துவக்குக் கிடைத்த சந்தோசத்தில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கூட மன்னிக்கலாம் போலிருந்தது.

"நல்ல நடிப்பு," என்றார். "சொல்லும், அந்த இடத்தை எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்?"

"எந்த இடத்தை?" சந்திரவதனா பார்க்கரின் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். "முதல் தரம் தேடி நீங்கள் எதைக் கண்டுபிடிச்சிருக்கிறியள்? அது எங்கை எண்டு எனக்கு இப்பவும் தெரியாது."