சிரிக்காத துரோகி

துரோகி அழுதுகொண்டிருந்தான். எதிரியின் கப்பலில், எதிரிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, கண்ணில் நீர் முட்டத் தலையைத் தொங்கப்போட்டிருந்தான்.

படத்தைப் பார்த்ததும் தமீமுக்குச் சுருக்கென்றது. 'துரோகி வாய்விட்டுச் சிரிக்கிறான்' என்றுதான் அவன் எழுதிக் கொடுத்திருந்தான். ஜெஸ்டின் வேறு மாதிரி வரைந்து அனுப்பியிருக்கிறான்.

'ஆழிப்படை' மூன்று பேர் சேர்ந்து கொண்டுவரும் காமிக்ஸ். மன்னார் வளைகுடாவைக் காக்கிற ஒரு சூப்பர் ஹீரோ கூட்டத்தின் சாகசங்கள். கதை தமீம். படம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஜெஸ்டின். வண்ணமும் எழுத்தும் தமீமின் தங்கை இல்மா. போன மாதம் உள்ளூர் டிவி ஒன்றில் பேட்டிகூட வந்தது. ஜெஸ்டினுக்கு ஷிப்ட் இருந்ததால் தமீம் மட்டும் போனான். அவனையே கேட்டார்கள், அவனும் தன்னைப் பற்றியே பேசும்படி ஆயிற்று. நேரம் போதாமல் மற்ற இருவர் பெயரும் விட்டுப்போயிற்று.

இதுவரை வில்லன்கள் வெளியிலிருந்துதான் வந்தார்கள். இந்த இதழில் முதல்முறையாகப் படைக்குள்ளிருந்தே ஒருவன் கிளம்புகிறான். பெயர் திருக்கை. ஊர் மெச்சியதில் தலைக்கனம் ஏறி, எதிரியிடம் போய், "படையாவது ஒண்ணாவது, எல்லாம் நான்தான்" என்று கூட்டாளிகளைக் காட்டிக்கொடுப்பவன்.

அவனை ஜெஸ்டினை மனதில் வைத்துத்தான் தமீம் எழுதினான். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தபோது, பிள்ளைகள் ஜெஸ்டினையே மொய்த்துக்கொண்டு படம் வரைந்து வாங்கினார்கள். "கதை எழுதுறது நான்தான்" என்று தமீம் வலியப் போய்ச் சொன்னதற்கு, ஒரு சின்னப் பெண் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், மறைக்குது" என்றாள். வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் பிறந்தவன்தான் திருக்கை.

"திருக்கை யாருன்னு எனக்குத் தெரியாதா காக்கா?" கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் அண்ணனிடம் இல்மா கேட்டாள். "ஜெஸ்டின் அண்ணன் இத எப்படித்தான் வரைஞ்சாவளோ!"

தமீமுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. தங்கைக்கே தெரிந்துவிட்டது, வரைந்தவனுக்குத் தெரியாமலா இருக்கும்? தன்னையே துரோகியாக வரையச் சொல்லியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனதில் இருந்த அழுகையை அந்த முகத்தில் போட்டு அனுப்பிவிட்டான். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று இருந்தது.

"அச்சுக்கு அனுப்பிராத" என்று சொல்லிவிட்டு மில்லர்புரத்து வீட்டிலிருந்து பைக்கை எடுத்தான்.

முத்தையாபுரம் டீக்கடையில் ஷிப்ட் முடிந்த களைப்போடு உட்கார்ந்திருந்தான் ஜெஸ்டின். ஒரு மாதமாகப் போனைக்கூடச் சரியாக எடுக்காதவன், தமீமைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"ஏலே, நீ எழுதுனதுலயே இதாம்ல டாப்பு. இத எழுதப் பெரிய மனசு வேணும்."

குத்திக்காட்டுகிறானோ என்று தமீம் முகத்தைப் பார்த்தான். அப்படித் தெரியவில்லை. தமீமுக்கும் டீ சொல்லி, தன் தட்டிலிருந்த வடையை இவன் பக்கம் நகர்த்தி வைத்தான் ஜெஸ்டின். அதுதான் தாங்க முடியவில்லை.

"நான் அந்தக் கதைய மாத்திருதேம்ல."

"எதுக்கு மாத்தணும்? எனக்கு இருந்த கோவமெல்லாம் இதப் படிச்ச அன்னைக்கே போச்சு."

எந்தக் கோபம் என்று கேட்கத் தமீமுக்குத் தோன்றவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்பதிலேயே இருந்தான்.

"இல்லல, நான் மனசறிஞ்சு செஞ்ச தப்பு. அந்தத் திருக்கைய உன்னைய நெனச்சுத்தாம்ல எழுதுனேன். ஒரு பொறாமைல செஞ்சிட்டேன். மன்னிச்சிரு."

ஜெஸ்டின் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தான்.

"என்னையவா?"

தமீம் நிமிர்ந்து பார்க்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினான். ஜெஸ்டின் முகத்தில் அதுவரை இருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"நானும் இல்மாவும் அது நீன்னுல்லாலே நெனச்சோம்!"