ஏரிக்குள் குடியிருந்த முயல்

வறண்ட ஏரிக்குள் வளை தோண்டிக் குடியிருந்தது ஒரு முயல். வெள்ளத்தில் வீடிழப்பவர்களுக்காக ஒவ்வொருவரிடமும் வருஷம் ஒரு கட்டுப் புல் கேட்டு வாங்கிச் சேர்த்துவைப்பது கரைமேட்டு முள்ளம்பன்றி.

"இங்கே எப்போண்ணே தண்ணி வந்துச்சு?" என்று, புல் கேட்டு வந்த முள்ளம்பன்றியிடம் முயல் கையை விரித்துவிட்டது.

ஐப்பசியில் ஏரி நிறைந்தது. குட்டிகளைக் கவ்விக்கொண்டு கரையேறிய முயல், கூச்சத்தில் மழையிலேயே நின்றது.

"உள்ளே வாம்மா."

"நான் ஒண்ணும் தரலையே, அண்ணே."

"குட்டிங்க நடுங்குது பாரு" என்று முள்ளம்பன்றி புல்லை விரித்தது.

மழை விட்டதும் தண்ணீர் தெளிந்தது. அடியில், முயலின் வளைக்குள் கெண்டையொன்று குஞ்சுகளோடு குடிபுகுந்துகொண்டிருந்தது.

"கோடையில வத்திரும்மா!" என்று முயல் பதறிக் கத்தியது.

"இவ்வளவு தண்ணியா வத்தும்?" என்று சிரித்தபடி, கெண்டை வாலால் வாசலைப் பெருக்கியது.