பூவரசியின் முறை

மாவட்டப் பள்ளிகளுக்கு, பெயர் சொல்லி அழைத்து வருகை பதியும் கருவி தேர்ந்தெடுக்கும் குழுவில் தலைமையாசிரியை தங்கபுஷ்பமும் இருந்தார். மூன்று கம்பெனிகளின் கருவிகளுக்கான சோதனை அவருடைய ஐந்தாம் வகுப்பில்தான் நடந்தது. பொங்கலுக்குப் பிறகு பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்விட்ட மாணவி பூவரசியின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க அவருக்கு இன்னும் மனம் வரவில்லை. முதல் இரண்டு கம்பெனிகளின் கருவிகளும் அவளை ஒருமுறை கூப்பிட்டன. பதில் இல்லையென்றதும் அடுத்த பெயருக்குத் தாவிவிட்டன. மூன்றாவது மட்டும் "பூவரசி... பூவரசி..." என்று அழைத்தபடியே நின்றது.

"என்னங்க இது, இப்படிச் சிக்கிக்கிச்சு?" என்று சலித்துக்கொண்டார் கல்வி அதிகாரி. கம்பெனிக்காரர் பதறிப்போய் அதை அணைக்கக் கை நீட்டினார்.

"இருங்க சார், கூப்பிடட்டும்" என்றார் தங்கபுஷ்பம். மதிப்பெண் தாளில் அந்தக் கருவிக்குப் பத்துக்குப் பத்து போட்டுவிட்டு, வகுப்பு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.