மிராசுதாரின் காது மெஷின்

"கொளுத்திப் போடுடா அத," என்றாள் தனபாக்கியம்.

வலங்கைமான் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த மகனுக்குச் சோறு கொண்டுவந்தவள், திரைக்குப் பின்னால் நின்றபடி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிழவரையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

மகன் முருகையன் மேஜைமேல் குனிந்தான். ஈயம் பற்றவைக்கும் சால்ட்ரிங் அயர்ன் சூடேறியிருந்தது. மேஜையில் அந்தக் கிழவர், மிராசுதார் பஞ்சநதத்தின் காது மெஷின் வயிறு திறந்து கிடந்தது. சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்குப் போகும் ஒயர்.

குத்தகைக்காரர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்த வருஷம், பெயர் ஏறுவதற்குள் முருகையனின் அப்பா ஐயாவுவை நிலத்தைவிட்டுக் கிளப்பியவர் இந்தப் பஞ்சநதம். கதிர் சாய்ந்து நின்ற சம்பா வயலில் மாடுகளை அவிழ்த்துவிட்டார். ஐயாவு வரப்பில் விழுந்து அழுதார். ஒரு பிடி நெல்கூட வீடு வராமல், அந்தக் கோடைக்குள்ளேயே படுத்த படுக்கையாகிப் போய்ச் சேர்ந்தார்.

கிழவரின் நச்சரிப்புத் தாங்காமல் கூட வந்திருந்த மகன் தியாகேசனும் அவன் மனைவியும் அவருக்கு எதிரிலேயே தாராளமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"முதியோர் இல்லத்துல எடம் கெடச்சிருச்சு. ஐப்பசி பொறந்ததும் கொண்டுபோய் விட்டுடலாம்," என்றான் தியாகேசன்.

சண்டைக்கு வருவாரே என்று அவள் தயங்கினாள். தியாகேசன் சிரித்தான். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து வயலையெல்லாம் என்றைக்கோ தன் பேருக்கு எழுதியாயிற்று, வீடும் இப்போது தன் பேரில்தான், எதை வைத்துச் சண்டை போடுவார் என்று கேட்டான். அவளும் சிரித்தாள்.

இருவரும் சிரிப்பதைப் பார்த்துப் பஞ்சநதமும் தலையை ஆட்டிச் சிரித்தார். "தங்கமான புள்ளைங்க," என்று முருகையனிடம் உரக்கச் சொன்னார். "வேகாத வெயில்ல கூட்டிக்கிட்டு வந்திருக்குங்க பாரு."

முருகையனின் கை கொஞ்சம் நின்றது. பிறகு மெஷினுக்குள் இருந்த பொடி டிரான்சிஸ்டரின் ஒவ்வொரு காலிலும் அயர்ன் நுனியை வைத்தான். ஈயம் இளகிப் பளபளத்தது. உறிஞ்சும் பம்பை வைத்துப் படக்கென்று இழுத்தான். கால்கள் விடுபட்டதும் அதைப் பிடுங்கி எடுத்தான்.

"இன்னும் புடுங்கு," என்று திரைக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்தாள் தனபாக்கியம்.

ஓட்டைகளில் ஒட்டியிருந்த ஈயத்தையும் அவன் விடாமல் வழித்தெடுத்தான். பார்ட்ஸ் டப்பாவைத் துழாவினான். முதுகைக் காட்டிக்கொண்டு சற்று நேரம் குனிந்திருந்தவன், மூடியைப் போட்டுத் திருகாணியை முடுக்கினான்.

"உசுரு போயிடுச்சு சார். இனிமே வேலைக்கு ஆவாது," என்று, பிடுங்கியதைத் தியாகேசனிடம் நீட்டினான்.

தியாகேசன் முகத்தில் வருத்தமே இல்லை. கேட்காவிட்டாலும் பரவாயில்லை, காதில் மாட்டியிருந்தால்தான் அவருக்குத் திருப்தி, சும்மாவாவது மாட்டி அனுப்பு என்று சொல்லிவிட்டு, காரைத் திருப்புவதற்காக மனைவியோடு இறங்கிப் போனான்.

தனபாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் அவளுக்கு நெஞ்சு ஆறியது. புருஷனைக் கொன்றவன் இனிச் சாகும்வரை செவிடனாகவே கிடக்கட்டும்.

முருகையன் பெட்டியைக் கிழவரின் சட்டைப்பையில் வைத்தான். ஒயரைக் காதில் செருகினான். தெருவில் காரின் ஹாரன் அடித்தது. பஞ்சநதம் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

எழுந்திருக்கப் போனவரின் தோளை மெல்ல அழுத்தி, அம்மாவுக்கும் எட்டாத குரலில் முருகையன் சொன்னான்:

"கேக்குதுன்னு காட்டிக்காதீங்க ஐயா, உங்க புள்ள பேசுறதக் கேட்டுக்கிட்டே வீட்டுக்குப் போங்க."