நம்ம கடற்கரை

கோட்டைக்கு எதிரே, மீன் காயவைக்கும் மணலைச் சமப்படுத்தி, ஆளுயரத்தில் சிவப்பு எழுத்துகளை நட்டிருந்தார்கள்: நம்ம கடற்கரை. சுற்றுலா வந்த எங்கள் வகுப்பு முழுதும் அதன் முன்னால் படமெடுக்க வரிசையில் நின்றது. கோட்டைக்குள் நாலு பேர்தான் போனார்கள், அதுவும் கழிப்பறை தேடி.

கூடை நிறைய நெத்திலியோடு அந்த ஊர் மீன்காரி காத்தாயி வந்தாள். அன்று வெயில் காணாவிட்டால் அத்தனையும் புழுத்துவிடும்.

"இங்க காயவைக்கக் கூடாதுக்கா, நாறும்" என்றான் காவலாளி.

"ஒங்கம்மா எங்கடா காயவச்சி ஒன்ன வளத்தா?"

"அது அப்ப. இப்ப டூரிஸ்ட்டு வர்ற எடம். எழுதியிருக்குல்ல?"

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீ படி."

"நம்ம கடற்கரை."

"யாருடா நம்ம?"

அவன் எங்களைப் பார்த்தான். நாங்கள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தோம்.

"நம்மன்னா... எல்லாரும்தான்க்கா."

"அப்பறம் என்னய ஏன்டா தொரத்துற?"

காத்தாயி புள்ளியில்லாத 'ம'வுக்குள் கூடையைக் கவிழ்த்தாள். எழுத்தின் அடிப்பட்டை பெஞ்சு அகலம் இருந்தது. மீனைப் பரப்பிவிட்டு, பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தாள்.

"எறங்குக்கா, என் வேல போயிரும்!"

"என் பொழப்பே போவுது. எறக்கிப் பாரு."

அவன் விசில் ஊதினான். அதை வரிசை நகரச் சொல்வதாக எடுத்துக்கொண்டு நாங்கள் நகர்ந்தோம். எங்கள் முறை வந்தது.

"அண்ணே, அந்தம்மாவக் கொஞ்சம் குனியச் சொல்லுங்களேன், எழுத்து மறையுது" என்றாள் வகுப்புத் தோழி ஒருத்தி.

காத்தாயி ஒரு கை நெத்திலியை அள்ளிக்கொண்டு, எழுத்து இன்னும் மறையும்படி எழுந்து நின்றாள்.