ஓஹையோவில் கிடைத்தவன்

"போன காரியம் என்னாச்சு, எல்மோர்?" பேஸ்பால் அணியின் மேனேஜர் குரோகன் கேட்டார்.

"ஓஹையோவுல ஒரு பண்ணையாள் சார், பேரு லூமிஸ். அவன் வீசுற பந்து கண்ணுக்கே தெரியல. உடனே எடுத்துடுங்க."

"இப்ப நமக்கு வீசுறவன்?"

"அவன் கை ஓஞ்சுபோச்சு. அனுப்பிடுங்க."

குரோகன் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. "லூமிஸ் தேறமாட்டான்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாமேப்பா. நான் நம்பியிருப்பேன்."

"அந்தப் பந்தைப் பார்த்தப்புறம் பொய் சொல்ல வாய் வரல சார்."

"இனிமே ஊர் ஊராப் போய் ஆள் தேடிக் குடு. அந்த வேலை உனக்குத்தான்."

எல்மோர் தலையாட்டினான். இத்தனை வருடம் அந்த அணிக்காகப் பந்து வீசும்போது போட்டிருந்த தன் ஆட்டச் சட்டையை மேஜைமேல் மடித்து வைத்தான்.

வெளியே, அன்றைய ஆட்டத்துக்கு வந்திருந்த கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தது.